தோற்றவருக்கும் ஓர் ஆட்டம்

டென்னிஸ் என்றால் நம்மவர்களுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தை வென்ற ராமநாதன் கிருஷ்ணன், 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அங்கே அரையிறுதி வரை சென்றார். அவருடைய மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979-ல் அதே ஜூனியர் பட்டத்தை வென்றார். விஜய் அமிர்தராஜ் 1973-லும் 1981-லும் விம்பிள்டன் கால் இறுதியில் ஆடியதை வானொலியிலும் பத்திரிகையிலும் தொடர்ந்தவர்கள் நம் சங்கத்திலேயே பலர் இருக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது அவர்களைப் பற்றி அல்ல. வாரமெல்லாம் அலுவலகம் போய்விட்டு, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் முழங்காலுக்கு உறை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போகிறோமே, அந்த நம்மைப் பற்றி. மத்திய அரசு உத்தியோகத்தில் எனக்கு ஐந்து ஊர்களுக்கு மாற்றல் வந்தது. எந்த ஊருக்குப் போனாலும், வீடு கிடைத்ததும் நான் விசாரித்தவை இரண்டு: தமிழ்ச் சங்கம் எங்கே, டென்னிஸ் கோர்ட் எங்கே? ஓய்வு பெற்ற பிறகு அமெரிக்காவில் இருக்கும் மகன் வீட்டுக்கும், ஜெர்மனியில் இருக்கும் மகள் வீட்டுக்கும் போய் வருகிறேன். போகும் வழியில் பாரிஸ் பக்கம் குடியிருக்கும் என் சகலையின் வீட்டிலும் பத்து நாள் தங்குவது வழக்கம். அவர் புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். மற்றவர்கள் ஊர் சுற்றிப் பார்க்கும்போது நான் அந்தந்த ஊர் கிளப்புகளில் போட்டி எப்படி நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆட்டம் எங்கும் ஒன்றுதான். வலையின் உயரமும் கோட்டின் நீளமும் மாறுவதில்லை. ஆனால் சாதாரண ஆட்டக்காரருக்குப் போட்டி வைக்கும் முறை நாட்டுக்கு நாடு வேறு. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இதை எழுதுவதில் ஒரு நோக்கமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நாக்-அவுட் என்னும் சல்லடை

நம் நாட்டில் டென்னிஸ் போட்டி என்றால் பெரும்பாலும் நாக்-அவுட்தான். இது வெள்ளைக்காரர் கொண்டுவந்த முறை. 1877-ல் நடந்த முதல் விம்பிள்டன் போட்டியே இப்படித்தான். அதில் 22 பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். 22 பேர் 11 ஆனார்கள், 11 பேர் 6 ஆனார்கள், 6 பேர் 3 ஆனார்கள். மூன்று பேரை வைத்துக்கொண்டு அரையிறுதி எப்படி ஆடுவது? ஒருவரை ஆடாமலே இறுதிக்கு அனுப்பினார்கள்! ஸ்பென்சர் கோர் என்பவர் சாம்பியன் ஆனார். பிறகுதான் முதல் சுற்றிலேயே 'பை' கொடுத்து, எண்ணிக்கையை 16, 32, 64 என்று சரிசெய்யும் வழக்கம் வந்தது.

இந்த முறையின் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். 32 பேர் பெயர் கொடுத்தால் மொத்தம் 31 ஆட்டங்கள். அவர்களில் 16 பேருக்கு ஒரே ஓர் ஆட்டம்தான். இன்னும் 8 பேருக்கு இரண்டு. அதாவது 32 பேரில் 24 பேர் இரண்டு ஆட்டங்களுக்குள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பெயர் கொடுத்துப் பணம் கட்டி, புதுப் பந்து வாங்கிப் பழகி, காலையில் நாலரைக்கு எழுந்து போனால், முதல் சுற்றிலேயே முதல் இடத்துக்குரிய ஆட்டக்காரர் எதிரே வந்து நிற்பார். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

சாம்பியன் யார் என்று கண்டுபிடிக்க இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. ஆனால் அது ஒன்றைத்தான் இந்த முறை கண்டுபிடிக்கிறது. மீதி 31 பேரைப் பற்றி அதற்குக் கவலை இல்லை.

அமெரிக்கா: உங்கள் நம்பர் என்ன?

அமெரிக்காவில் என் மகன் என்னை ஒரு கிளப்புக்கு அழைத்துப் போனான். அங்கே கைகுலுக்கியவர் என் பெயருக்கு அடுத்தபடியாகக் கேட்ட கேள்வி, "உங்கள் நம்பர் என்ன?" என்பது. நான் விழித்தேன். மகன் முந்திக்கொண்டு, "அப்பா மூன்றரை" என்றான்.

அங்கே 1970-களின் இறுதியில் என்.டி.ஆர்.பி. என்ற தர அளவை ஏற்படுத்தினார்கள். புதிதாக மட்டை பிடிப்பவருக்கு 1.5, உலகத் தரத்துக்கு 7.0; நடுவில் அரை அரையாக ஏறும். நம்மைப் போன்றவர்கள் பெரும்பாலும் 3.0-க்கும் 4.0-க்கும் இடையில் வந்துவிடுவோம். அமெரிக்க டென்னிஸ் சங்கம் 1980 முதல் நடத்திவரும் லீக் போட்டி இந்த எண்ணை வைத்துத்தான் நடக்கிறது. 3.5 என்றால் அதற்குக் கீழ்ப் பிரிவில் ஆட முடியாது.

அது தனிநபர் போட்டியும் அல்ல, அணிப் போட்டி. வழக்கமான முறையில் ஒரு நாளைக்கு இரண்டு ஒற்றையர், மூன்று இரட்டையர். ஐந்தில் மூன்றை வென்ற அணிக்கு வெற்றி. இரண்டு செட் சமமானால் மூன்றாவது செட் கிடையாது. பத்துப் புள்ளி டைபிரேக் ஒன்று ஆடி முடித்துவிடுவார்கள். பல வாரங்கள் உள்ளூரில் ஆடி, ஜெயித்த அணி வட்டாரத்துக்கும் பிறகு தேசியப் போட்டிக்கும் போகும். இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், 3.0 பிரிவுக்கும் தேசிய சாம்பியன் உண்டு! சுமாராக ஆடுகிறவர்களிலும் நாட்டிலேயே முதல்வர் என்று ஒருவர் இருக்கலாம் என்பது எனக்குப் புதிய சேதியாக இருந்தது.

குறை இல்லாமல் இல்லை. முதல் முறை வருகிறவர் தன் தரத்தைத் தானே சொல்ல வேண்டும். 4.0 ஆடக்கூடியவர் 3.5 என்று அடக்கத்தோடு எழுதிக்கொடுத்து, வருகிறவர்களை எல்லாம் அடித்து நொறுக்குவதும் நடக்கிறது. அதைப் பிடிக்கக் கம்ப்யூட்டர் கணக்கு வைத்திருக்கிறார்கள். தரத்துக்கு மீறி ஆடுவதாக மூன்று முறை பதிவானால் அந்தப் பிரிவிலிருந்து நீக்கிவிடுவார்கள். தேர்வில் அதிக மார்க் வாங்கியதற்காகத் தண்டனை கொடுக்கிற இடம் இது ஒன்றுதான் என்று மகனிடம் சொன்னேன்.

அங்கே பார்த்த இன்னொரு முறைக்குத் திசைகாட்டி டிரா என்று பெயர். 16 பேர் இருந்தால் எல்லோரும் கிழக்கில் தொடங்குவார்கள். முதல் சுற்றில் தோற்ற எட்டுப் பேர் மேற்குக்குப் போவார்கள். கிழக்கில் இரண்டாம் சுற்றில் தோற்றவர்கள் வடக்குக்கு, மேற்கில் தோற்றவர்கள் தெற்குக்கு. இப்படியே பிரித்துக்கொண்டு போனால் எட்டுத் திசைக்கும் இருவர் வீதம் நின்று இறுதி ஆட்டம் ஆடுவார்கள். 16 பேருக்கும் ஆளுக்கு நான்கு ஆட்டம். எட்டுத் திக்குக்கும் ஒரு சாம்பியன். தோற்கத் தோற்க நமக்குச் சமமானவரே எதிரில் வருவார் என்பதுதான் இதன் சூட்சுமம்.

பிரான்ஸ்: படி ஏறும் போட்டி

பிரான்சில் சகலை எனக்குக் காட்டியது வேறு மாதிரி. அங்கே ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் தேசிய டென்னிஸ் சம்மேளனம் ஒரு படி கொடுத்திருக்கிறது. தரம் பெறாதவர் அடியில். அதற்கு மேல் 40. பிறகு 30/5, 30/4 என்று 30 வரை. பிறகு 15/5-லிருந்து 15 வரை. பிறகு 5/6, 4/6 என்று இறங்கி 0. அதற்கும் மேலே மைனஸ் எண்கள். "இது என்ன சகலை, ரேஷன் கார்டு நம்பர் மாதிரி இருக்கிறதே" என்றேன். அவர் சிரித்துக்கொண்டு விளக்கினார்.

பழைய நாளில் பலமானவரும் பலமில்லாதவரும் ஆடும்போது சலுகைப் புள்ளி கொடுத்து ஆடுவார்கள். 15 என்றால் ஒவ்வொரு கேமிலும் ஒரு புள்ளி முன்னதாகவே உங்கள் கணக்கில் இருக்கும். 2/6 என்றால் ஆறு கேமில் இரண்டு கேமுக்கு மட்டும் அந்தச் சலுகை. மைனஸ் என்றால் நீங்கள் கடனோடு தொடங்க வேண்டும். இப்போது சலுகை போய்விட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

போட்டி நடத்தும் முறைதான் விசேஷம். எல்லோரையும் முதல் சுற்றில் கொண்டுவந்து நிறுத்த மாட்டார்கள். முதலில் தரம் பெறாதவர்கள் தங்களுக்குள் ஆடுவார்கள். அதில் வென்றவர்கள் 40 தரத்தாரைச் சந்திப்பார்கள். அவர்களில் வென்றவர்கள் 30/5-ஐ. பலமானவர்கள் கடைசியில்தான் உள்ளே வருவார்கள். ஆகவே யாருக்கும் முதல் ஆட்டம் கிட்டத்தட்டச் சமமானவரோடுதான். நன்றாக ஆடினால், தோற்கும்வரை படிப்படியாக மேலே ஏறிக்கொண்டே போகலாம். கீழ்ப்படியில் இருந்து புறப்பட்டு ஏழெட்டுப் பேரை வென்றவரும் உண்டாம். தன்னைவிட மேல்படியில் இருப்பவரை வென்றால் அதைச் சாதனையாகவே சொல்லிக்கொள்கிறார்கள். அடுத்த தரவரிசையில் அதற்குப் பலனும் உண்டு.

இதற்கு நாள் அதிகம் பிடிக்கும். ஒரு கிளப் போட்டி இரண்டு மூன்று வாரம்கூட நடக்கும். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் ஆட்டங்கள் மாலையிலும் வார இறுதியிலும். இறுதி ஆட்டம் நடக்கும் நாளில், முதல் வாரத்தில் தோற்றவர்களும் வந்து வரிசையாக உட்கார்ந்து பார்க்கிறார்கள். தங்களை வென்றவர் யாரிடம் தோற்றார் என்று கடைசிவரை தெரிந்துகொள்ளும் ஆசை!

ஜெர்மனி: சாப்பாட்டோடு முடியும் போட்டி

என் மனத்தில் அதிகம் நிற்பது ஜெர்மனியில் பார்த்ததுதான். மகள் குடியிருப்பது ஒரு சின்ன ஊர். அந்த ஊருக்கும் ஒரு டென்னிஸ் கிளப், செம்மண் கோர்ட்டுகள். அந்த மண்ணை வசந்த காலத்தில் சீர்செய்து உருட்டிப் பதப்படுத்த வேண்டும். அதை உறுப்பினர்களே செய்கிறார்கள். ஆளுக்கு இத்தனை மணி நேரம் கிளப்புக்காக உழைக்க வேண்டும், முடியாவிட்டால் பணம் கட்ட வேண்டும் என்பது பல கிளப்புகளில் விதி. எங்கள் மாப்பிள்ளை கம்ப்யூட்டர் என்ஜினீயர். சனிக்கிழமை மண்வெட்டி பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து அவர் மாமியாருக்கு மனசு கேட்கவில்லை.

மே மாதம் தொடங்கி ஜூலை வரை கிளப்புகளுக்கு இடையில் அணிப் போட்டி. ஜெர்மன் டென்னிஸ் சங்கத்தின் முதல் தலைவராக இருந்த ஃபான் டெர் மேடன் என்பவரின் பெயரால் அதை மேடன் ஆட்டங்கள் என்கிறார்கள். ஆறு பேர் கொண்ட அணி. முதலில் ஆறு ஒற்றையர், பிறகு அதே நாளில் மூன்று இரட்டையர். மொத்தம் ஒன்பது, ஆகையால் சமமாக முடியாது. நாலு பேர் அணி என்றால் நான்கு ஒற்றையர், இரண்டு இரட்டையர். நாடகக் கம்பெனி போல ஒரு வாரம் நம் ஊரில், ஒரு வாரம் அடுத்த ஊரில். 30 வயதுக்கு மேல், 40-க்கு மேல், 50, 60, 70-க்கு மேல் என்று வயதுக்குத் தகுந்த அணிகள். ஒவ்வொன்றுக்கும் பல படிநிலைகள். முதலில் வந்த அணி மேலே ஏறும், கடைசியில் வந்த அணி கீழே இறங்கும்.

இரட்டையர் ஜோடி அமைப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆறு பேருக்கும் பலத்தின்படி 1 முதல் 6 வரை வரிசை எண். முதல் ஜோடியின் எண்களைக் கூட்டினால் வருவது இரண்டாம் ஜோடியின் கூட்டலைவிட அதிகமாக இருக்கக் கூடாது, மூன்றாவதற்கும் அப்படியே. ஒற்றையர் முடிந்ததும் இரு தலைவர்களும் தனித்தனியாக உட்கார்ந்து காகிதத்தில் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பார்கள். 4-க்கு 2 என்று பின்தங்கிய அணியும் மூன்று இரட்டையரையும் வென்று ஜெயித்துவிடலாம் என்பதால் மாலை வரை யாரும் மைதானத்தை விட்டு நகர முடியாது.

ஆட்டம் முடிந்ததும் வந்த அணிக்கு உள்ளூர் அணி சாப்பாடு போடுவது வழக்கம். பகலெல்லாம் கோட்டுக்கு உள்ளே, வெளியே என்று முறைத்துக்கொண்டவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மகள் சைவச் சாப்பாட்டுக்காக உருளைக்கிழங்கு பொரியலும் எலுமிச்சை சாதமும் செய்து கொண்டுபோனாள். பாத்திரம் காலியாகத் திரும்பி வந்தது. மாப்பிள்ளை சொன்னார்: "மாமா, ஆபீஸில் எல்லோரும் இங்கிலீஷ் பேசுகிறார்கள். நான் ஜெர்மன் கற்றுக்கொண்டது இந்த மேசையில்தான்." அவர் ஆறாவது ஒற்றையர். அந்தப் பருவத்தில் அவர் வென்றதைவிடத் தோற்றதே அதிகம். ஆனாலும் ஆறாவது ஆள் இல்லாமல் அணி இல்லையே! ஊருக்குப் புதியவரை ஊர்க்காரராக ஆக்கியது அந்த அமைப்புதான்.

ஜப்பானும் ஆஸ்திரேலியாவும்: நேரமும் இடமும் இல்லாதவர்க்கு

டோக்கியோவில் என் தம்பி மகன் வேலையில் இருந்தபோது எனக்கு எழுதியதை வைத்து ஜப்பானைப் பற்றிச் சொல்கிறேன். அங்கே இடம் பொன். பொதுக் கோர்ட்டுக்குக் குலுக்கல் போட்டு இடம் கொடுக்கிறார்கள். ஆகவே அமெச்சூர் போட்டி பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும். மூன்று அல்லது நான்கு பேர் கொண்ட குழு; குழுவுக்குள் எல்லோரும் எல்லோரோடும் ஆட வேண்டும்; ஓர் ஆட்டத்துக்கு ஒரே செட். பிறகுதான் நாக்-அவுட். ஆட்டத்துக்கு முன் கை பழக அனுமதிப்பது நான்கு சர்வீஸ் மட்டுமாம். "நம் ஊரில் பழகுவதற்கே அரை மணி ஆகுமே பெரியப்பா" என்று எழுதியிருந்தான்.

ஆஸ்திரேலியர்கள் 2015 வாக்கில் ஃபாஸ்ட்-ஃபோர் என்ற குறுகிய முறையைக் கொண்டுவந்தார்கள். ஆறு கேமுக்குப் பதில் நான்கு கேம் எடுத்தால் செட். 3-3 என்றால் டைபிரேக். டியூஸ் வந்தால் அடுத்த ஒரே புள்ளியில் கேம் முடிந்துவிடும். சர்வீஸ் வலையில் பட்டு உள்ளே விழுந்தாலும் ஆட்டம் தொடரும். ஒரு செட் சுமார் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். பழைய ஆட்டக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் வீட்டில் குழந்தையை விட்டுவிட்டு ஒரு மணி நேரத்துக்கு மட்டும் வரக்கூடிய தாய்மார்களுக்கு இதைவிட நல்ல முறை உண்டா?

நம்மிடம் இருப்பது

நம் நாட்டில் நல்லது எதுவும் இல்லை என்று சொல்ல மாட்டேன். 1920-ல் தொடங்கிய கல்கத்தா சௌத் கிளப்பைப் போன்ற பழைய கிளப்புகள் நம்மிடம் உண்டு. அகில இந்திய டென்னிஸ் சங்கம் மூத்தோருக்கு வயதுவாரியாகப் போட்டிகள் நடத்துகிறது. அரசு ஊழியர்களுக்கு அகில இந்திய அளவில் போட்டி உண்டு. வெளிநாட்டில் நான் காணாத ஒன்று நம் கிளப்புகளின் மார்க்கர். எதிராளி வராத நாளில் நம்மோடு ஆடி, நாம் சோர்ந்து போகாமல் பந்தைக் கைக்கே அனுப்பும் அந்த மனிதருக்கு ஈடு இல்லை.

'லக்கி டபுள்ஸ்' என்று நாம் ஆடுவதும் அருமையான முறை. பலமானவர் பெயர் ஒரு டப்பாவில், மற்றவர் பெயர் ஒரு டப்பாவில். சீட்டு எடுத்து ஜோடி சேர்ப்பது. இருவர் வயதையும் கூட்டினால் இத்தனை வர வேண்டும் என்று வைக்கும் இரட்டையர் போட்டியும் அப்படித்தான். இளைஞர்கள் வயதானவர்களைத் தேடிவந்து கூப்பிடுகிற இடம் இது.

ஆனால் பிள்ளைகளுக்கு என்று வரும்போது மட்டும் நாம் சல்லடையை எடுத்துவிடுகிறோம். பெரிய தரவரிசைப் போட்டிகளுக்கு அது தேவையாக இருக்கலாம். குடும்பங்கள் கூடும் நம் சங்க விளையாட்டு விழாவுக்கு எதற்கு? முதல் சுற்றில் தோற்ற பிள்ளையும் பெற்றோரும் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் போய்விடுவதை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். மாற்றலாகி வந்து, ஊரில் யாரையும் தெரியாமல், சங்கத்துக்கு முதல் முறையாக வந்த குடும்பங்களும் அவர்களில் இருக்கின்றன. அந்தக் குடும்பங்களைத் தெரிந்துகொள்ளத்தானே நாம் விழாவே எடுக்கிறோம்!

நம் சங்கத்துக்கு ஒரு யோசனை

நான் முதலில் சொன்ன நோக்கம் இதுதான். 16 பேர், இரண்டு கோர்ட், ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்வோம். மூன்று செட் நாக்-அவுட் என்றால் 15 ஆட்டம். ஆட்டத்துக்கு ஒன்றரை மணி என்றால் இரண்டு கோர்ட்டிலும் சேர்ந்து பதினோரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரே நாளில் முடியாது. எட்டுப் பேர் ஒரே ஆட்டத்தோடு வீட்டுக்குப் போவார்கள்.

ஜப்பானியர் முறைப்படி நாலு பேர் கொண்ட நாலு குழுக்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவிலும் 6 ஆட்டம், மொத்தம் 24. ஆஸ்திரேலியர் முறைப்படி நாலு கேம் செட் ஒன்று, அதற்கு 25 நிமிடம். இரண்டு கோர்ட்டில் ஐந்து மணி நேரம். குழுவில் முதலில் வந்த நால்வருக்கு அரையிறுதி, இறுதி. இன்னும் ஒரு மணி. காலை ஆறுக்குத் தொடங்கினால் பன்னிரண்டுக்குக் கோப்பை கொடுத்துவிடலாம். குறைந்த நேரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைந்தது மூன்று ஆட்டம், மூன்று புதிய சிநேகிதர்கள். குழு பிரிக்கும்போது பழகியவர், புதியவர் என்று பிரெஞ்சுக்காரரைப் போலக் கொஞ்சம் தரம் பார்த்தால் இன்னும் நல்லது.

பெரியவர்களுக்கு ஜெர்மன் முறை. காலனிக்கு ஓர் அணி. நாலு ஒற்றையர், இரண்டு இரட்டையர். ஒரு மாதம் இந்தக் காலனியில், ஒரு மாதம் அந்தக் காலனியில். அழைத்த காலனியார் சாப்பாடு போட வேண்டும். இட்லி, வடை, பொங்கல் போதும். தோற்ற அணிக்கு முதலில் பரிமாற வேண்டும் என்பது மட்டும் என் கூடுதல் விதி.

இதை அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்கு எழுத்தில் கொடுக்க இருக்கிறேன். உங்கள் காலனியில் கோர்ட் இருக்கிறதா, எத்தனை பேர் சேருவார்கள், காலையா மாலையா என்பதைச் சங்கத்தில் தெரிவித்தால் அட்டவணை போட உதவியாக இருக்கும். மட்டை இல்லையே என்று யாரும் தயங்க வேண்டாம். என்னிடம் மூன்று இருக்கின்றன. ஒன்றுக்கு மட்டும் நரம்பு மாற்ற வேண்டும்.